மூன்று சுழி

வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையில்
ஃபோட்டோக்கொப்பிக் கடைக்கு மேலே என் கடை.
பலகையில் மூன்று மொழி.
தமிழில் 'பச்சை' என்று எழுதச் சொன்னேன்.
பெயிண்டர் 'டாட்டூ' என்றே எழுதிவிட்டுப் போனான்.

மாதிரிப் புத்தகத்தில் கெல்டிக்குக்கு ஆறு பக்கம்.
பின்னல் என்றால் முடிவின்மை,
சிலுவைக்குப் பின்னால் வட்டம் இருந்தால் சூரியன்,
தன் வாலையே கவ்வும் நாய் விசுவாசம்.
அர்த்தம் சொல்லிக் குத்தினால் ஐயாயிரம் கூடக் கிடைக்கும்.
சொல்லியிருக்கிறேன்,
வங்கிப் பையன்களின் தோள்களுக்கு,
கல்யாணத்துக்கு முதல்நாள் அவசரமாய் வந்த ஒருத்தியின் கணுக்காலுக்கு.
சொன்னது சரியா என்று
அவர்களும் கேட்கவில்லை, நானும் தேடவில்லை.

மயூரதன் வந்தது போயாவுக்கு மறுநாள்.
"செல்டிக் இல்லை, தங்கச்சி. கெல்டிக்."
முழுக்கைச் சட்டையின் இடது கையை மடித்தான்.
மூன்று சுழிகள்.
இரண்டு நிறைந்திருந்தன.
மூன்றாவது ஒரு சுற்றோடு நின்றிருந்தது.

"பெல்ஃபாஸ்டில இறைச்சிக் கொம்பனி.
பக்கத்து மேசையில எலும்பு பிரிக்கிற டெக்லன் குத்தினவன்.
ஞாயிற்றுக்கிழமைக்கு ஒண்டு.
மூண்டாம் ஞாயிறு தேத்தண்ணிக்கு எழும்பினம்,
கதவைத் தட்டினாங்கள்.
ஏழு வருசமா இப்பிடியே கிடக்கு."

அர்த்தம்? தொழில் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"நிலம், கடல், வானம் எண்டு டெக்லன்.
இல்லை, குமரி, தாய், கிழவி எண்டு அவன்ர மனிசி.
குடிச்சால் ரெண்டு பேருக்கும் அதில சண்டை.
கல்லில வெட்டினவங்கள்
ஒரு சொல்லும் எழுதி வைக்கேல்லையாம்."

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.
கையுறைக்குள்ளும் விரலுக்குத் தெரியும்
மை ஏறிய தோலும் ஏற மறுத்த தோலும்.
சுழி ஒவ்வொன்றின் நடுவிலும்
சிகரெட் நுனியளவு ஒரு தடிப்பு.
டெக்லன் கோட்டைத் தொடங்கிய இடங்கள்.

நான் கேட்கவில்லை. அவனே சொன்னான்:
"விசாரணையில கையைக் காட்டச் சொன்னாங்கள். காட்டினன்.
'அலங்காரம்' எண்டு எழுதினாங்கள்.
ஏன் மூடினாய் எண்டு லோயர் கத்தினார்.
இறைச்சி வெட்டுற இடத்தில அரைக்கை, தங்கச்சி.
எத்தனை பேருக்குத்தான் சொல்லுறது."

எங்களிடம் ஓர் எழுத்துக்கே பெயர் மூன்று சுழி.
மண்ணில் அது இருக்கிறது,
தண்ணீரில், விண்ணில்.
டெக்லனுக்கு இதை யார் போய்ச் சொல்வது?
புண்ணிலும் இருக்கிறது.
அதை ஊசிக்கு மை நிரப்புகிற சாட்டில் விழுங்கிக்கொண்டேன்.

"முடிச்சுவிடுங்கோ," என்றான்.
முடிக்கவும் சொல்கிறான்,
முடிச்சை அவிழ்க்கவும் சொல்கிறான் போலிருந்தது.

தழும்பின் மேல் ஊசி மெல்லத்தான் போகும்.
பாணந்துறை ரயில் வரும்போதெல்லாம் கண்ணாடி நடுங்கும்,
கையைத் தூக்கிவிடுவேன்.
மூன்று ரயில்.
ஒருதரம்கூட அவன் கை அசையவில்லை.
அசையாமல் இருக்க எங்கேயோ பழகிய கை.

முடிந்ததும் படம் எடுத்து அனுப்பினான்.
உடனே பதில்:
'உன்ர ஆளின்ர கோடு என்ரயைவிடத் தடிப்பு.'
வாசித்துக் காட்டிச் சிரித்தான்.
முன்பல் ஒன்று இல்லை.

பிறகு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
டெக்லனின் மலிவு மை பச்சையாய் மங்கியிருந்தது.
என்னுடையது கன்னங்கரேல்.
"இது எப்ப அதுகளை மாதிரி வரும்?"
"வெயில் பட்டு, பத்து வருசம் போகவேணும்."
"பத்து," என்றான்,
யாரோ தவணை கொடுத்ததைப்போல.

காசை எண்ணி வைத்தான், ஐந்நூறு குறைவாக.
சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுப் படியிறங்கினான்.
ஜன்னலால் பார்த்தேன்.
ஒழுங்கை முனையில், உச்சி வெயிலில் நின்று
பொத்தானைக் கழற்றி
முழங்கைக்கு மேலே மடிக்கிறான்.

இரண்டு கிழமைக்கு வெயில் படக்கூடாது
என்று கத்த வாயெடுத்தேன்.
ரயில் வந்தது.